பெரிய கார்டு வைத்திருப்பவன் ஏன் தோற்கிறான்?

உங்கள் வீட்டு அலமாரியின் ஏதாவது ஒரு மூலையில் ரப்பர் பேண்டு போட்ட கார்டு கட்டு ஒன்று கிடக்கிறதா? இல்லையென்றால் அப்பாவிடமோ மாமாவிடமோ "ட்ரம்ப் கார்டு ஆடியிருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு விடமாட்டார்கள்!

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று வைத்துக்கொள்வோம். வெயில் கொளுத்துகிறது. "வெளியே காலை வச்சீங்கன்னா பாருங்க" என்று ஆச்சி சொல்லிவிட்டார். திண்ணையில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள், உங்கள் அண்ணன், சித்தி மகள், பக்கத்து வீட்டுப் பையன். மல்யுத்த வீரர்கள் படம் போட்ட 32 கார்டுகள். கலைத்து, ஆளுக்கு 8 போட்டாயிற்று.

பக்கத்து வீட்டுப் பையனுக்குத்தான் முதல் சான்ஸ். தன் கார்டைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் பல். "எடை!" என்று கத்துகிறான். அவனிடம் இருப்பது நிஜமாகவே கனமான ஆள்தான். அண்ணன் கார்டு அதைவிட லேசு. உங்களுடையதும் லேசு. சித்தி மகள் சத்தமில்லாமல் தன் கார்டைத் திருப்பி வைக்கிறாள். யோகோசூனா! நாலு கார்டும் அவளுக்கு.

"அதெப்படிலே? என் கார்டு எவ்வளவு நல்ல கார்டு!" என்கிறான் பையன்.

நல்ல கார்டுதான். ஆனால் கணக்கில் ஒரு சின்னப் பிசகு.

அதற்கு முன், இந்த ஆட்டத்தையே பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஒவ்வொரு கார்டிலும் ஒருவர் படமும், கீழே எண்களும் இருக்கும். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை, ரேங்க். கட்டுக்குக் கட்டு கொஞ்சம் மாறும். எல்லோரும் தங்கள் கட்டின் மேல் கார்டை மட்டும்தான் பார்க்கலாம். சான்ஸ் உள்ளவர் ஒன்றைச் சொல்வார். அதில் யாருடைய எண் பெரியதோ அவர் எல்லோருடைய மேல் கார்டையும் எடுத்துத் தன் கட்டின் அடியில் சொருகிக்கொள்வார். அடுத்த சான்ஸும் அவருக்கே. கார்டு தீர்ந்தவர் அவுட். இங்கிலாந்தில் 1970-களின் கடைசியில் 'டாப் ட்ரம்ப்ஸ்' என்ற பெயரில் கார்களும் விமானங்களும் போட்ட கார்டுகள் வந்தன. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளை 1990-களில் பிடித்துக்கொண்டவர்கள் மல்யுத்த வீரர்களும் கிரிக்கெட் வீரர்களும்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். பையன் கையில் இருந்த கார்டைவிட லேசானவை 24 கார்டுகள், கனமானவை 7 என்று வையுங்கள். இரண்டே பேர் ஆடினால், எதிராளியிடம் அந்த 31-ல் ஏதோ ஒன்று மேலே இருக்கும். 100 தடவைக்கு 77 தடவை பையனே ஜெயிப்பான். அதனால்தான் அவனுக்கு அத்தனை தைரியம். ஆனால் எதிரே மூன்று பேர் இருந்தால்? மூன்று பேரையும் ஒரே நேரத்தில் ஜெயிக்க வேண்டும். 24/31 × 23/30 × 22/29 என்று போட்டுப் பாருங்கள். 100-க்கு 45 வரும். பாதிகூட இல்லை!

சரியாக நடுவில் உள்ள கார்டு இன்னும் மோசம். லேசானவை 16, கனமானவை 15 என்றால், இருவர் ஆட்டத்தில் 100-க்கு 52. நால்வர் ஆட்டத்தில் வெறும் 12. அதே கார்டுதான், அதே எண்தான். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கூடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் நாலு பேர் ஆடும்போது "பரவாயில்லை" என்கிற எண்ணைச் சொல்லவே கூடாது. கட்டிலேயே முதல் மூன்று, நாலு இடத்துக்குள் வரக்கூடிய எண்ணைத் தேட வேண்டும். ஜெயன்ட் கோன்சாலஸ் என்று ஒரு மல்யுத்த வீரர் இருந்தார். அர்ஜென்டினாக்காரர், முன்பு கூடைப்பந்து ஆடியவர். மேடையில் அவரை 8 அடி உயரம் என்றே அறிவிப்பார்கள். அவர் கையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு "உயரம்" என்று சொல்லலாம். "ஜெயித்த சண்டை" என்று சொல்லிவிட்டால் போச்சு. ரேங்கில் இன்னொரு வம்பு உண்டு. அதில் மட்டும் சின்ன எண்தான் பெரிது, 1-தான் முதலிடம். அவசரத்தில் "ரேங்க் 30!" என்று கத்திவிட்டு விழிக்காத பிள்ளையே ஊரில் இருந்திருக்க முடியாது.

சித்தி மகள் மனசுக்குள் எண்ணுகிறாள்

சித்தி மகள் ஜெயித்தாள் இல்லையா? அதோடு அவள் வேலை முடிந்துவிடவில்லை. அவளிடம் மீதி 7 கார்டு. ஜெயித்த 4 கார்டை அடியில் சொருகினாள். ஆக 11. யோகோசூனா அந்தக் கடைசி நாலில் ஒன்று. ஒரு சுற்றுக்கு ஒரு கார்டுதான் மேலிருந்து போகும். இடையில் அவள் எத்தனை கார்டு ஜெயித்தாலும் அவை அடியில்தான் சேரும், யோகோசூனாவின் வரிசை மாறாது. ஆகவே அவர் மறுபடி மேலே வருவது 8-வது சுற்றிலிருந்து 11-வது சுற்றுக்குள்தான்.

இது அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருந்தால்? அந்த நாலு சுற்றில் சான்ஸ் உங்களிடம் இருந்தால் எடையைத் தொடவே மாட்டீர்கள். உயரமோ வேறு எதுவோ சொல்லி, அந்தக் கனமான மனிதரைச் சுலபமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். 32 கார்டையும் ஞாபகம் வைக்க யாராலும் முடியாது, வைக்கவும் வேண்டாம். பெரிய கார்டுகள் நாலைந்து யாரிடம், எத்தனையாவது இடத்தில் என்று மட்டும் எண்ணிக்கொண்டே வந்தால் போதும். ஜெயிக்கிறவர்கள் விரலை மடித்து மடித்து எண்ணுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வதில் பாதி அந்த விரல்களில்தான் இருக்கிறது.

கட்டையே நாம் தயாரித்தால்?

ட்ரம்ப் கார்டில் கைக்கு வந்ததை வைத்துத்தான் ஆட வேண்டும். எந்தெந்தக் கார்டு வேண்டும் என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்து, சொந்தக் கட்டோடு வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

இந்த யோசனையைச் செய்து காட்டியவர் ஒரு கணக்கு மாணவர். பெயர் ரிச்சர்ட் கார்பீல்ட். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். தான் உருவாக்கிய ஒரு பலகை ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஒரு சின்ன நிறுவனத்திடம் போனார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைத் தயாரிக்க எங்ககிட்ட அவ்வளவு பணம் இல்லை. செலவு கம்மியா, பையில் போட்டுக் கொண்டு போகிற மாதிரி, சீக்கிரம் முடிகிற ஆட்டம் ஏதாவது இருக்கா?" என்கிற மாதிரி பதில் வந்தது. அதற்குப் பதிலாக அவர் யோசித்ததுதான் 'மேஜிக்: த கேதரிங்'. 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. சேகரித்து, மாற்றிக்கொண்டு, கட்டு கட்டி ஆடும் கார்டு ஆட்டங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1996-ல் ஜப்பானில் போக்கிமான் கார்டு ஆட்டம் வந்தது. அதற்கு 2004-லிருந்து உலகப் போட்டியே நடக்கிறது. சிறுவர்களுக்கு அதில் தனிப் பிரிவு உண்டு.

போக்கிமான் கட்டில் சரியாக 60 கார்டு இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள கார்டு 4-க்கு மேல் கூடாது (அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் விலக்கு). ஆரம்பத்தில் 7 கார்டு எடுப்பீர்கள். நீங்கள் ஆசைப்படும் கார்டை ஒன்றே ஒன்று வைத்திருந்தால், அது முதல் கையிலேயே வர 100-க்கு 12 தடவைதான் வாய்ப்பு. நாலு வைத்திருந்தால் 40 தடவை. அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் விதவிதமான 60 கார்டைச் சேர்க்க மாட்டார்கள். வேண்டியதை மூன்று நாலாக வைப்பார்கள்.

புதிதாக ஆடுகிறவர்கள் செய்கிற தவறு என்ன தெரியுமா? நெருப்பைக் கக்கும் சாரிசார்டாகப் பார்த்துச் சேர்ப்பது! ஆனால் சாரிசார்ட் சாதாரணமாக நேராக வந்து நிற்காது. முதலில் குட்டி சார்மாண்டர் வர வேண்டும், அது வளர வேண்டும், எனர்ஜி கார்டு ஏற வேண்டும். முதல் கையில் ஒரு குட்டிகூட வராவிட்டால், கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும். எதிராளிக்கு அதனால் ஒரு கார்டு கூடுதலாகவும் கிடைக்கும். விருந்துக்கு இலை போட்டு லட்டும் ஜாங்கிரியுமாக அடுக்கிவிட்டு, சோறு வைக்க மறந்த கதைதான்.

மூன்று டப்பா கணக்கு

போக்கிமான் இருவர் ஆட்டம். 'மேஜிக்'கில் நாலு பேர் சேர்ந்து ஆடும் ஒரு முறை இருக்கிறது. பெயர் 'கமாண்டர்'. ரசிகர்கள் தாங்களாகவே உருவாக்கி ஆடிவந்ததை 2011-லிருந்து நிறுவனமும் ஏற்றுக்கொண்டு அதற்கென்றே கட்டுகள் வெளியிட்டது. 100 கார்டு. அடிப்படை நிலக் கார்டுகள் தவிர எல்லாம் வேறு வேறு. ஆளுக்கு 40 உயிர்ப் புள்ளி. கடைசிவரை நிற்பவர் வெற்றியாளர். இங்கேதான் ட்ரம்ப் கார்டில் இல்லாத ஒன்று நுழைகிறது. யாரைத் தாக்குவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உங்களையும் மற்றவர்கள் தேர்ந்தெடுக்கலாம்!

இதைப் புரிந்துகொள்ள கார்டைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் வாருங்கள். சுவர் மேல் மூன்று பழைய டப்பாக்கள். ஒன்று உங்களுடையது, ஒன்று அக்காவுடையது, ஒன்று அண்ணனுடையது. அழுகின எலுமிச்சம்பழத்தை எறிந்து அடுத்தவர் டப்பாவைத் தள்ள வேண்டும். டப்பா விழுந்தால் அவுட். அண்ணன் குறி தப்பவே தப்பாது. அக்கா மூன்றுக்கு இரண்டு தடவை அடிப்பாள். நீங்கள் மூன்றுக்கு ஒரு தடவைதான். பாவம் பார்த்து முதல் எறி உங்களுக்கு, பிறகு அக்கா, பிறகு அண்ணன், மறுபடி நீங்கள். யார் டப்பாவைக் குறிபார்ப்பீர்கள்?

"அண்ணன் டப்பா!" என்றுதானே சொன்னீர்கள்? எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சரியான விடை: வேண்டுமென்றே புளியமரத்தைப் பார்த்து எறிந்துவிட வேண்டும்!

ஏன்? நீங்கள் அண்ணனை வீழ்த்திவிட்டால் அடுத்த எறி அக்காவுடையது. சுவரில் மிச்சம் இருக்கிற எதிரி டப்பா உங்களுடையது மட்டும்தான். மூன்றுக்கு இரண்டு தடவை உங்கள் கதை அங்கேயே முடிந்தது. மரத்தில் எறிந்துவிட்டால்? அக்கா உங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். குறி தப்பாத அண்ணனை விட்டுவைத்தால் அடுத்து அவள் டப்பாதானே போகும்? அதனால் அண்ணனைத்தான் அடிப்பாள். தப்பினால் அண்ணன் அக்காவை அடிப்பார். எப்படியானாலும் இருவரில் ஒருவர் அவுட், அடுத்த எறி உங்களுடையது!

முழுக் கணக்கையும் போட்டால், மரத்தில் எறிந்து ஆரம்பித்தால் உங்களுக்கு 100-க்கு 40 வெற்றி. அக்காவுக்கு 38. குறி தப்பாத அண்ணனுக்கு வெறும் 22. முதலிலேயே அண்ணன் டப்பாவைக் குறிபார்த்திருந்தால் உங்கள் 40, 31-ஆகக் குறைந்துவிடும். கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக அலசுகிற பழைய புதிர் இது. எலுமிச்சம்பழம் மட்டும் நம்முடைய சேர்க்கை.

நால்வர் கார்டு ஆட்டத்தில் நடப்பதும் இதுவே. மூன்றாவது சுற்றிலேயே ஒருவன் மேசை அதிர ஒரு பெரிய டிராகனை இறக்கிவிட்டு மற்றவர்களைப் பெருமையாகப் பார்ப்பான். மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பேசவே வேண்டாம். மூவரும் சேர்ந்து அவனைக் கவனித்துவிடுவார்கள். தெரிந்தவன் அந்த டிராகனைக் கையிலேயே வைத்திருப்பான். முதலில் நிலக் கார்டுகளையும் தற்காப்பையும் சேர்ப்பான். மற்றவர்கள் தங்கள் பலத்தைச் செலவழித்து முடித்த பிறகு இறக்குவான். அதற்காகக் கடைசிவரை ஒளித்து வைத்தே தோற்றுப்போகிறவர்களும் உண்டு. எப்போது இறக்குவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. அது ஆடி ஆடித்தான் வரும்.

முகத்தையும் காட்டிக்கொள்ளக் கூடாது. நம் மாட்டுச் சந்தைகளில் வியாபாரிகள் துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலைத் தொட்டே விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் கார்டைப் பார்த்ததும் சிரித்தானே, அவனுக்கு ஒரு துண்டு வாங்கிக் கொடுக்கலாம்!

இன்னொன்று, ஒப்பந்தம். "இந்தச் சுற்று நீ என்னை அடிக்காதே, நான் உன்னை அடிக்கமாட்டேன்" என்று பேசிக்கொள்வது கமாண்டரில் தப்பில்லை. ஆனால் "ஆட்டம் முடியும்வரை" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கடைசியில் ஒருவர்தானே ஜெயிக்க முடியும்? ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று பேசுங்கள், பேசினால் காப்பாற்றுங்கள். ஏன் என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே திண்ணையில் அதே நாலு பேர்தான் உட்காரப் போகிறீர்கள். போன வாரம் ஏமாற்றியவனோடு இந்த வாரம் யார் கூட்டுச் சேருவார்?

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காத விஷயமும் ஒன்று உண்டு. முதலில் அவுட் ஆனவர், மற்ற மூவர் ஆடி முடிக்கும்வரை ஒரு மணி நேரம்கூட வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு ஆடினால், முதலில் அவுட் ஆனவரைக் கணக்குப் பிள்ளையாக்கிப் புள்ளி எழுதச் சொல்லலாம். அழுகை பாதி குறையும்.

தோற்றால் கார்டு யாருக்கு?

ஆட்டம் தொடங்கும் முன்பே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. முடிந்த பிறகு பேசினால் சண்டைதான். 1993-ல் 'மேஜிக்' வெளிவந்தபோது, ஆளுக்கொரு கார்டைப் பந்தயமாக வைத்து, ஜெயித்தவர் எடுத்துக்கொள்ளும் விதி இருந்தது. நம் கோலிக்குண்டு மாதிரி! ஆனால் ஆசையாகச் சேர்த்த கார்டைப் பறிகொடுக்க யாருக்கு மனசு வரும்? பந்தயம் வைப்பது சூதாட்டம் ஆகிவிடும் என்ற பிரச்னையும் இருந்தது. விரைவிலேயே அந்த விதி கைவிடப்பட்டது. இன்று போட்டிகளில் ஆட்டம் முடிந்தால் அவரவர் கட்டு அவரவருக்கு.

மாற்றிக்கொள்வது வேறு விஷயம். அதில் தாராளமாகத் திறமை காட்டலாம். பளபளப்பாக மின்னும் கார்டுக்கு மயங்கி, கட்டுக்குத் தேவையான நாலு கார்டைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஏராளம். அவனுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். உங்களிடம் இரண்டாக இருப்பதைக் கொடுங்கள். உங்களை விடச் சின்னவனிடம் விலை தெரியாமல் பிடுங்கிக்கொண்டு வந்தால், சாயங்காலம் அவன் அம்மா உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

காசு கொடுத்து வாங்கும் பாக்கெட்டுக்குள் எந்தக் கார்டு இருக்கும் என்று பிரிக்கும்வரை தெரியாது. "இதுல வந்திரும், இதுல வந்திரும்" என்று பிரித்துக்கொண்டே போனால் உண்டியல் காலியாகிவிடும். உத்தி பழக அதெல்லாம் தேவையே இல்லை. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்குமே, அந்த அட்டையை ஒரே அளவில் 32 துண்டாக வெட்டுங்கள். என்ன கார்டு போடலாம்? கோபுரங்கள் போடலாம். உயரம் ஒரு வரி, எத்தனை நிலை என்று ஒரு வரி, கட்டி முடித்த ஆண்டு ஒரு வரி. ஆண்டில் மட்டும் சின்ன எண்தான் ஜெயிக்கும், நம் ரேங்க் மாதிரி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை. திருவண்ணாமலை 217 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. பார்த்தீர்களா, ஒரே ஒரு அடியில் போகிறது! ஸ்ரீவில்லிபுத்தூர் 192 அடி. புளியங்குடிப் பிள்ளைகள் தென்காசி கோபுரத்தையும் சங்கரன்கோவில் கோபுரத்தையும் நேரில் போய்ப் பார்த்து விவரம் எழுதிக்கொண்டு வரலாம்.

ஸ்ரீரங்கம் கார்டு கைக்கு வந்தால் "உயரம்" என்று உடனே கத்தத் தோன்றும். அது கட்டி முடிக்கப்பட்டது 1987-ல். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010-ல். எதிரே உட்கார்ந்திருக்கும் சித்தி மகளிடம் சான்ஸ் இருக்கிறது, உங்கள் கட்டின் மேலே ஸ்ரீரங்கம் இருப்பதும் அவள் விரலுக்குத் தெரியும். அவள் எதைச் சொல்வாள்?